மென்பொருள் விற்க வருகிறவரிடம் என்ன கேட்க வேண்டும்

காரைக்குடி, தேவகோட்டை, ஆத்தங்குடி, கானாடுகாத்தான் பக்கம் கடையோ பட்டறையோ விடுதியோ நடத்துகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். இங்கிருந்து பல்லவன் ஏறிச் சென்னைக்குக் கம்ப்யூட்டர் வேலைக்குப் போன பிள்ளைகளுக்கும் கடைசிப் பகுதியில் கொஞ்சம் இருக்கிறது. நான் பல வருடம் சென்னையில் டேட்டாபேஸ் வேலை பார்த்தவன். இப்போது காரைக்குடியில் இருந்துகொண்டு சிறு தொழில்காரர்களுக்குக் கணக்கு, ஆர்டர், பேக்கப் இதையெல்லாம் ஒழுங்குபண்ணிக் கொடுக்கிறேன்.

புதிதாக யார் எதைச் சொன்னாலும் நான் உடனே நம்புவதில்லை. கம்ப்யூட்டர் மேல் எனக்கு வெறுப்பு கிடையாது. ஒழுங்காக எழுதிய ஒரு சின்ன புரோகிராம் ஒரு குமாஸ்தாவை ராத்திரி எட்டு மணிக்கு வீட்டுக்கு அனுப்பிவைப்பதைப் பார்த்திருக்கிறேன். அதே காசு ஒரு பெயருக்காக மட்டும் செலவாகி, அதே குமாஸ்தா பத்து மணி வரை உட்கார்ந்திருப்பதையும் பார்த்திருக்கிறேன். இரண்டாவது நடக்கக் கூடாது என்பதற்காகத்தான் இவ்வளவும் சொல்கிறேன்.

முதலில் வேலையைத் தாளில் எழுதுங்கள்

விற்க வருகிறவர் லேப்டாப்பைத் திறப்பதற்கு முன்பே உங்கள் கையில் ஒரு தாள் இருக்க வேண்டும். அதில் உங்கள் தொழிலில் எந்த இடத்தில் காசு போகிறது, எந்த இடத்தில் நேரம் போகிறது, எந்த இடத்தில் சண்டை வருகிறது என்று எழுதியிருக்க வேண்டும். "டிஜிட்டலுக்கு மாற வேண்டும்" என்று எழுதினால் அது யாருக்கும் பொருந்தும். "ஆர்டர் போனில் வருகிறது, வாட்ஸாப்பில் வருகிறது, ஆளும் நேரில் வருகிறார். மூன்றையும் மூன்று பேர் மூன்று இடத்தில் எழுதுகிறோம். அட்வான்ஸ் யார் கொடுத்தது என்று தேட வேண்டியிருக்கிறது" என்று எழுதினால் அது உங்களுடையது.

இந்தத் தாள் இல்லாமல் பேச உட்கார்ந்தால், உங்கள் பிரச்சினை என்ன என்பதையும் விற்க வந்தவரே சொல்லிவிடுவார். அவரிடம் எது இருக்கிறதோ அதற்குத் தகுந்த பிரச்சினையைத்தான் சொல்வார்.

ஆத்தங்குடியில் டைல்ஸ் பட்டறை வைத்திருக்கிற அண்ணன் ஒருவரிடம் பிளாக்செயின் விற்க வந்தார்கள். ஒவ்வொரு டைலுக்கும் ஒரு க்யூஆர் கோடு. ஸ்கேன் பண்ணினால் இது அசல் ஆத்தங்குடிதான் என்று காட்டும். அந்தப் பதிவை உலகத்தில் யாராலும் அழிக்க முடியாது. கேட்க நன்றாகத்தான் இருந்தது. "தம்பி, இது வந்தா டூப்ளிகேட் ஒழிஞ்சுடும்ங்கறாங்க. போட்டுடலாமா?" என்று என்னைக் கேட்டார்.

பிளாக்செயின் என்பது ஒரு கணக்குப் புத்தகம். ஒருவரை ஒருவர் நம்பாத பல பேர், நடுவில் பொதுவான ஒரு ஆள் இல்லாமல், ஒரே புத்தகத்தில் எழுதவேண்டிய நிலைமைக்காகச் செய்தது. இந்தப் பட்டறையில் எழுதப்போவது ஒரே ஒருவர், அந்த அண்ணன்தான். அவருடைய வார்த்தையை நம்புகிறவருக்கு அவர் கையெழுத்துப் போட்ட பில்லே போதும். நம்பாதவருக்கு அவரே எழுதிய பிளாக்செயினும் போதாது. இன்னொன்று, க்யூஆர் ஸ்டிக்கரை மிஷினில் அடித்த டைலின் மேலும் ஒட்டலாம். கண்ணாடித் தகட்டின் மேல் அச்சு வைத்து, கலர் சிமெண்டை ஊற்றி, மணல் கலவை போட்டு, தண்ணீரில் ஊறவைத்து, வெயிலில் காயவைத்து எடுத்த டைலுக்கும் ஃபேக்டரி டைலுக்கும் உள்ள வித்தியாசம் அந்தக் கணக்குப் புத்தகத்துக்குத் தெரியாது. அதில் என்ன எழுதினார்கள் என்பது மட்டும்தான் தெரியும். கள்ளத்தனம் நடக்கிற இடம் எழுதுவதற்கு முன்னால் இருக்கிறது.

பெரிய ஆட்களே இதில் மாட்டியிருக்கிறார்கள். கப்பல் நிறுவனமான மெர்ஸ்க்கும் ஐபிஎம்மும் சேர்ந்து, கன்டெய்னர் போக்குவரத்துக்கு டிரேட்லென்ஸ் என்று ஒரு பிளாக்செயின் தளத்தை 2018-ல் தொடங்கினார்கள். 2022 நவம்பரில் மூடப்போவதாக அறிவித்தார்கள். தொழில்துறை முழுவதும் ஒத்துழைத்து உள்ளே வரவில்லை என்பதுதான் அவர்களே சொன்ன காரணம். அதே மாதம் ஆஸ்திரேலியப் பங்குச் சந்தை, பங்கு பரிவர்த்தனைகளைத் தீர்க்கும் தன் பழைய முறைக்குப் பதிலாக பல வருடம் கட்டிக்கொண்டிருந்த பிளாக்செயின் திட்டத்தை நிறுத்தி, ஏறக்குறைய 25 கோடி ஆஸ்திரேலிய டாலரை நஷ்டக் கணக்கில் எழுதியது. திறமையான ஆட்களும் பணமும் அங்கே இருந்தன. எந்த வேலைக்கு எது தேவை என்ற கேள்விதான் பின்னால் தள்ளப்பட்டது.

நம் ஊரில் இதைச் சொல்லிப் புரியவைப்பது சுலபம். பர்மாவிலும் மலாயாவிலும் கொடுக்கல் வாங்கல் நடத்திய நகரத்தார் கடைகளில், ஏஜெண்டாகப் போனவர் பொதுவாக மூன்று வருடக் கணக்குக்குப் போவார். பேரேடு எழுதி, ஐந்தொகை (சொத்து, கடன், லாப நஷ்டம் சேர்ந்த முடிவுக் கணக்கு) எடுத்து, ஊரில் இருக்கிற முதலாளிக்கு அனுப்புவார். கடலுக்கு இந்தப் பக்கம் இருந்தவர் அந்தத் தாளை வைத்துத்தான் அந்தப் பக்கத்துக் கடையின் நிலையைத் தெரிந்துகொண்டார். யார் எழுதுகிறார், யார் சரிபார்க்கிறார், தப்பு நடந்தால் யார் பதில் சொல்வார் என்பது தெளிவாக இருந்தது. கருவி எவ்வளவு புதிதாக இருந்தாலும் இந்த மூன்றுக்கும் பதில் வேண்டும்.

சரி, அந்த அண்ணனுக்கு என்னதான் தேவைப்பட்டது? தாளில் எழுதிப் பார்த்ததும் தெரிந்துவிட்டது. ஆர்டருக்கு ஒரு வரி என்று ஒரே ஒரு எக்செல் ஷீட்: பெயர், டிசைன் நம்பர், சதுர அடி, அட்வான்ஸ், அச்சுப் போட்ட தேதி, தொட்டியில் இறக்கிய தேதி, லாரி ஏற்றிய தேதி. இதைப் பட்டறைப் பையன் மத்தியானம் ஒரு தடவை நிரப்புகிறான். டூப்ளிகேட் தொல்லை இன்னும் இருக்கிறது. அதற்கு அவர் டைல் செய்கிற வேலையை வீடியோ எடுத்து வாடிக்கையாளருக்கு வாட்ஸாப்பில் அனுப்புகிறார். பிளாக்செயினை விட அது நன்றாக வேலை செய்கிறது.

பெயரைச் சொல்லாமல் விளக்கச் சொல்லுங்கள்

விற்க வருகிறவரிடம் முதல் நிபந்தனையாக இதை வையுங்கள்: "ஏஐ, கிளவுட், பிளாக்செயின், ஸ்மார்ட் இந்த வார்த்தை எதுவும் இல்லாமல், திங்கட்கிழமை காலையில் என் கடையில் எந்த ஆள் செய்கிற எந்த வேலை மாறும் என்று சொல்லுங்கள்." நல்ல பொருள் வைத்திருப்பவர் சொல்லிவிடுவார். "பில் போடும்போதே சரக்கு இருப்பு குறையும். சாயங்காலம் தனியாக எண்ண வேண்டாம்" என்பது பதில். "உங்கள் தொழிலையே அடுத்த கட்டத்துக்குக் கொண்டுபோகும்" என்பதை நான் பதிலாக எடுத்துக்கொள்வதில்லை.

பெயருக்கு எவ்வளவு பலம் இருக்கிறது தெரியுமா? அமெரிக்காவில் லாங் ஐலண்ட் ஐஸ்டு டீ என்று குளிர்பானம் விற்ற ஒரு நிறுவனம், 2017 டிசம்பரில் தன் பெயரை லாங் பிளாக்செயின் என்று மாற்றப்போவதாக அறிவித்தது. அன்றைக்கே அதன் பங்கு விலை இரண்டு மடங்குக்கு மேல் எகிறியது. அடுத்த வருடம் நாஸ்டாக் பங்குச் சந்தை அதைப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டது. 2021-ல் பேஸ்புக் தன் பெயரை மெட்டா என்று மாற்றிக்கொண்டது. எல்லாரும் கண்ணில் பெட்டியை மாட்டிக்கொண்டு அலுவலகம் நடத்தப்போகிறோம் என்று அப்போது பேச்சு. அந்தப் பெட்டியைச் செய்கிற பிரிவு 2022-ல் 1,300 கோடி டாலருக்கு மேல் நஷ்டம் காட்டியது, 2023-ல் 1,600 கோடி டாலருக்கு மேல். அவர்களால் தாங்க முடியும். காரைக்குடியில் ஒரு விடுதி நடத்துகிறவர் அவர்களைப் பார்த்து "விர்ச்சுவல் டூர்" என்று சில லட்சத்தைப் போட்டால் அவரால் தாங்க முடியாது.

அடுத்து, உங்கள் அளவுக்கு உள்ள தொழிலில் இரண்டு வருடமாக இதைப் பயன்படுத்துகிற ஒருவரின் போன் நம்பரைக் கேளுங்கள். அங்கே கூப்பிடும்போது முதலாளியிடம் பேசாதீர்கள். தினமும் அந்த மென்பொருளைத் தட்டுகிற ஆளிடம் பேசுங்கள். வாங்க முடிவெடுத்தவர் தன் முடிவைத் தற்காத்துப் பேசுவார். தட்டுகிறவர் எந்தப் பட்டன் தொல்லை கொடுக்கிறது என்று சொல்லுவார்.

விலையையும் மூன்று வருடத்துக்குச் சேர்த்துக் கேளுங்கள். முதல் வருடம் தள்ளுபடி, இரண்டாம் வருடம் முழு விலை, ஆள் கூடினால் ஆளுக்கு இவ்வளவு, எஸ்எம்எஸ் தனி, பயிற்சி தனி என்று இருக்கும். எல்லாவற்றையும் ஒரே தொகையாக எழுதித் தரச் சொல்லுங்கள். மார்ச் மாதக் கடைசியில் "இந்த வாரம் மட்டும்" என்று சொன்னால் அது அவருடைய டார்கெட்டுக்கான அவசரம். ஏப்ரலில் கூப்பிடுங்கள், அதே விலைக்குக் கிடைக்கும்.

வெளியே வரும் வழியை முதலிலேயே சோதியுங்கள்

மற்றதையெல்லாம் விட்டாலும் இதை விடாதீர்கள். உள்ளே போட்ட விவரத்தை வெளியே எடுக்க முடியுமா? "முடியும் சார்" என்ற வாய்வார்த்தை போதாது. காசு கொடுப்பதற்கு முன்பே நூறு வாடிக்கையாளர் பெயரைத் தமிழில் போட்டு, அதை சிஎஸ்வி கோப்பாக (எந்த மென்பொருளிலும் திறக்கிற சாதாரணப் பட்டியல்) வெளியே எடுத்து, வேறொரு கம்ப்யூட்டரில் திறந்து பாருங்கள்.

தமிழில் என்று அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. ஒரு காலத்தில் ஒவ்வொரு நிறுவனமும் தனக்கென்று ஒரு எழுத்துரு வைத்திருந்தது. ஒன்றில் அடித்தது இன்னொன்றில் கட்டமும் கோடுமாகத் தெரியும். இதைச் சரிசெய்யத்தான் 1999-ல் சென்னையில் தமிழ்நெட் மாநாடு கூட்டி டாம், டாப் குறியீடுகளையும் தமிழ்99 விசைப்பலகையையும் தரப்படுத்தினார்கள். 2010-ல் தமிழக அரசு, எல்லா மொழிக்கும் பொதுவான குறியீடான யூனிகோடை ஏற்றுக்கொண்டது. ஆனால் இடைப்பட்ட காலத்தில் அடித்ததெல்லாம் அப்படியே கிடக்கிறது. தேவகோட்டைப் பக்கம் ஒரு சங்கத்தின் உறுப்பினர் பட்டியல் பழைய எழுத்துருவில் இருந்தது. எந்த எழுத்துரு என்று சொல்லக்கூடியவர் யாருமில்லை. ஒரு பக்கத்தின் பிரிண்ட் கிடைத்ததால் அதை வைத்து எழுத்து எழுத்தாகப் பொருத்தி மீட்டோம். அந்த ஒரு தாள் இல்லாவிட்டால் வீடு வீடாகப் போய்த்தான் கேட்டிருக்க வேண்டும். அடித்தபோது அந்த எழுத்துருவும் "லேட்டஸ்ட்" என்றுதான் விற்கப்பட்டது.

சோதிக்கிற நூறு பெயரில் நம் ஊர்ப் பெயர்களைப் போடுங்கள். "ராம.", "சித.", "பழ.", "மெ." என்று நீளமான தலைப்பெழுத்துகள், இரண்டு மூன்று அடுக்காக வருகிறவை. இனிஷியல் என்ற கட்டத்தில் ஒரே ஒரு எழுத்தை மட்டும் எடுத்துக்கொண்டு மிச்சத்தை வெட்டுகிற மென்பொருள் நிறைய உண்டு. ஒரே ஊரில் நாலு சிதம்பரம், ஐந்து வள்ளியம்மை இருக்கும்போது அந்தத் தலைப்பெழுத்துதான் ஆளைப் பிரித்துக் காட்டுகிறது. அதை வெட்டினால் ஒருவர் அட்வான்ஸ் இன்னொருவர் கணக்கில் ஏறும். ஃபர்ஸ்ட் நேம், லாஸ்ட் நேம் இரண்டையும் கட்டாயமாகக் கேட்கிற படிவமும் இதே ரகம். "கொ", "ஸ்ரீ", "ஔ" இவை உடையாமல் வருகிறதா என்றும் பாருங்கள். நூறு பெயரும் போனபடியே திரும்பி வந்தால் மேற்கொண்டு பேசலாம்.

அப்புறம் உரிமை. வெப்சைட் பெயர், கூகுள் மேப்பில் உள்ள கடைப் பதிவு, வாட்ஸாப் பிசினஸ் நம்பர், பேக்கப் இருக்கிற கணக்கு எல்லாமே உங்கள் பெயரில், உங்கள் மின்னஞ்சலில் இருக்க வேண்டும். செய்துகொடுக்கிறவரின் பெயரில் டொமைன் (வெப்சைட் பெயர்) பதிவாகி, அவர் ஊரை விட்டுப் போனதும் வருடச் சந்தா கட்ட முடியாமல் வெப்சைட்டே போன விடுதிகள் இந்தப் பக்கம் உண்டு. வெளிநாட்டுக்காரர்கள் புக் பண்ணுவதே அந்த முகவரியில்தான்.

பெரிய நிறுவனம் என்றால் நிலைக்கும் என்றும் நினைக்காதீர்கள். கூகுளின் சமூக வலைத்தளமான கூகுள் பிளஸ் 2019-ல் மூடப்பட்டது. அதன் வீடியோ கேம் சேவையான ஸ்டேடியா 2023-ல் போயிற்று. டொமைன் விற்ற பிரிவையே 2023-ல் கூகுள் இன்னொரு நிறுவனத்துக்கு விற்றது.

ஏஐ என்று வருகிறவர்களிடம்

இப்போது வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் இதைத்தான் கொண்டுவருகிறார்கள். இதை மொத்தமாகத் தள்ளவும் வேண்டாம், கும்பிட்டு வரவேற்கவும் வேண்டாம். சோதித்துப் பாருங்கள். சோதிப்பது கஷ்டமே இல்லை.

காரைக்குடியில் சீர்ப் பலகாரம் செய்து அனுப்புகிற ஒரு ஆச்சியிடம், அடுத்த மாதம் எவ்வளவு மனகோலம், எவ்வளவு சீடை, எவ்வளவு அதிரசம் வேண்டியிருக்கும் என்று ஏஐ முன்கூட்டியே சொல்லிவிடும் என்றார்கள். நான் அவர்களிடம் கேட்டது ஒன்றுதான். மூன்று வருடக் கணக்கில் முதல் இரண்டு வருடத்தை மட்டும் தருகிறோம். மூன்றாவது வருடத்தை உங்கள் மிஷின் சொல்லட்டும். உண்மையில் நடந்தது எங்கள் நோட்டில் இருக்கிறது, பக்கத்தில் வைத்துப் பார்ப்போம். அதோடு, ஆச்சியும் முதல் இரண்டு வருட நோட்டையும் பஞ்சாங்கத்தையும் வைத்துக்கொண்டு தன் கணக்கைச் சொல்லட்டும்.

மிஷின் தீபாவளியில் சறுக்கியது. அவர்கள் ஆங்கில மாதத்தை வைத்துப் பழக்கியிருந்தார்கள். தீபாவளி 2023-ல் நவம்பர் 12, 2024-ல் அக்டோபர் 31, 2025-ல் அக்டோபர் 20. "நவம்பரில் விற்பனை ஏறும்" என்று கற்றுக்கொண்ட மிஷின் சரக்கு எல்லாம் விற்று முடிந்த பிறகு ஏறச் சொன்னது. முகூர்த்த நாள் பற்றி அதற்கு யாரும் சொல்லவில்லை. "நம்ம கணக்கு முகூர்த்தத்துல இருக்கு தம்பி, மாசத்துல இல்லை" என்றார் ஆச்சி. முகூர்த்த நாட்களையும் தீபாவளித் தேதியையும் கொடுத்துப் பழக்கினால் மிஷின் இன்னும் நன்றாகச் சொல்லும் என்பது உண்மைதான். ஆனால் அவற்றைக் கொடுத்த பிறகு, போன வருடத்தின் அதே முகூர்த்தத்துக்கு எவ்வளவு போயிற்று என்று பார்த்துச் சொல்கிற சாதாரண எக்செல் கணக்கும் கிட்டத்தட்ட அதே அளவுக்குச் சரியாக வந்தது. சாதாரண முறையை எவ்வளவு தூரம் ஜெயிக்கிறது என்று பார்த்து, அந்த வித்தியாசத்துக்கு மட்டும் விலை கொடுங்கள்.

கேட்ட கேள்விக்கு எழுத்தில் பதில் சொல்கிற சாட்பாட் வேறு விஷயம். அடுத்து எந்த வார்த்தை வர வாய்ப்பு அதிகம் என்று படித்துப் பழகிய எழுத்திலிருந்து கணித்து எழுதுவது அது. உங்கள் ரூம் வாடகையை அதற்குக் கொடுத்து இணைக்காவிட்டால், அதற்குத் தெரியாது. தெரியாது என்று சொல்லிவிடும் என்றும் நம்ப முடியாது, தெரிந்த மாதிரியே எழுதும். ஏர் கனடாவின் சாட்பாட் ஒரு பயணியிடம், துக்கத்துக்குப் போகிறவர்களுக்கான கட்டணச் சலுகையைப் பயணம் முடிந்த பிறகும் கேட்டு வாங்கலாம் என்று தவறாகச் சொல்லிவிட்டது. சாட்பாட் தன் சொல்லுக்குத் தானே பொறுப்பு என்கிற மாதிரி நிறுவனம் வாதாடிப் பார்த்தது. 2024 பிப்ரவரியில் அங்குள்ள தீர்ப்பாயம் அதை ஏற்கவில்லை. உங்கள் தளத்தில் சொல்லப்பட்டது உங்கள் வார்த்தைதான் என்று சொல்லிப் பணத்தைக் கொடுக்க வைத்தது.

ஆகவே கானாடுகாத்தானிலோ பள்ளத்தூரிலோ பழைய வீட்டை விடுதியாக்கி நடத்துகிறவர் சாட்பாட் போட நினைத்தால், வாட்ஸாப்பைத் திறந்து விருந்தினர்கள் நிஜமாகக் கேட்ட ஐம்பது கேள்விகளை எடுங்கள். தமிழில் கேட்டது, ஆங்கிலத்தில் கேட்டது, தமிழை ஆங்கில எழுத்தில் அடித்துக் கேட்டது எல்லாம் கலந்து இருக்கட்டும். "செட்டிநாடு ஸ்டேஷன்ல எந்த வண்டி நிக்கும்", "பிள்ளையார்பட்டி போயிட்டு மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்துடலாமா", "வளவுல கல்யாண போட்டோ எடுக்க எவ்வளவு" என்ற மாதிரி. சரியான பதிலைப் பக்கத்தில் எழுதிக்கொண்டு சோதியுங்கள். பதில் அழகாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டாம். காசு, நேரம், வாக்குறுதி இந்த மூன்றில் எத்தனை தப்பு என்று மட்டும் எண்ணுங்கள். இந்த மூன்றில் எதிலாவது தப்பு வருகிற வரை மனிதர் பார்க்காமல் எதுவும் வெளியே போகக் கூடாது.

ஆங்கிலத்தில் கடிதம் வரைவு எழுத, பிரெஞ்சில் வந்த மெயிலின் பொருள் தெரிந்துகொள்ள, நீளமான ஒப்பந்தத்தில் எந்தப் பக்கத்தை முதலில் படிப்பது என்று பார்க்க இது நல்ல உதவி. நானும் பயன்படுத்துகிறேன். ஆனால் வெளிநாட்டு விருந்தினரின் பாஸ்போர்ட் நகலை இலவச ஏஐ எதிலும் போடாதீர்கள். அது அவர்கள் உங்களை நம்பிக் கொடுத்தது. தனிநபர் தகவல் பாதுகாப்புக்கு 2023-லேயே இந்தியாவில் சட்டமும் வந்துவிட்டது.

எதை நம்பி ஏற்றுக்கொள்வது

நான் சந்தேகப்படுவதைப் பார்த்து எல்லாவற்றையும் தள்ளிவிட வேண்டாம். யூபிஐ 2016-ல் வந்தபோது என் கேள்விகள் அத்தனைக்கும் அதனிடம் பதில் இருந்தது. சில்லறைப் பிரச்சினை என்பது எல்லாக் கடையிலும் நிஜமாக இருந்தது. எந்த வங்கியிலிருந்தும் எந்த வங்கிக்கும் போகிறது. ஒரு ஆப் பிடிக்கவில்லை என்றால் அதே வங்கிக் கணக்கோடு இன்னொன்றுக்கு மாறலாம். வங்கிக் கணக்கிலிருந்து நேரே வருகிற பணத்துக்குக் கடைக்காரரிடம் கமிஷன் பிடிப்பதில்லை. பணம் வந்ததும் சத்தமாகச் சொல்கிற சத்தப்பெட்டிக்குத்தான் மாத வாடகை. கல்லாவில் எப்போதும் ஆள் இருக்கிற சின்னக் கடைக்கு அது தேவையா என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

டாலி மாதிரி பல வருடம் ஓடி, நம் ஊர் ஆடிட்டருக்கும் குமாஸ்தாவுக்கும் பழகிய கணக்கு மென்பொருளை, புதிதாக வந்தது அழகாக இருக்கிறது என்பதற்காக மாற்றாதீர்கள். அதைத் தெரிந்த ஆள் இந்த ஊரிலேயே கிடைப்பார் என்பதும் அந்த மென்பொருளின் ஒரு குணம்தான். மாற்றியே ஆகவேண்டும் என்றால் பழையதும் புதியதும் ஒரு மாதக் கணக்கு முடிகிற வரையாவது சேர்ந்து ஓடட்டும். இரண்டும் ஒரே தொகையைக் காட்டிய பிறகு பழையதை நிறுத்துங்கள். மார்ச்சில் மாற்ற வேண்டாம், தீபாவளிக்கு முந்தைய மாதத்திலும் வேண்டாம்.

ஒரு நாள் எதுவும் ஓடாவிட்டால் என்ன செய்வது என்றும் முடிவுபண்ணி வையுங்கள். 2024 ஜூலை 19 அன்று கிரவுட்ஸ்டிரைக் என்ற பாதுகாப்பு மென்பொருளின் ஒரு தவறான அப்டேட்டால் உலகம் முழுவதும் ஏறக்குறைய 85 லட்சம் விண்டோஸ் கம்ப்யூட்டர்கள் படுத்துவிட்டன. நம் விமான நிலையங்களில் போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள். எழுதத் தெரிந்த ஆளும் தாளும் இருந்ததால் பல விமானங்கள் கிளம்பின. கல்லாவுக்குக் கீழே ஒரு பில் புத்தகம் இருக்கட்டும்.

கம்பெனியில் வேலை பார்க்கிற பிள்ளைகளுக்கு

உங்களிடம் யாரும் வந்து விற்கப்போவதில்லை. மேலேயிருந்து மெயில் வரும். அதனால் உங்களுக்கான வழி வேறு.

முதலில் ஏன் வருகிறது என்று புரிந்துகொள்ளுங்கள். புதுத் திட்டத்தைத் தொடங்கிவைத்தவருக்கு விழா நடக்கும், பதவி உயரும். இரண்டு வருடம் கழித்து அது திணறும்போது அவர் வேறு பிரிவில் இருப்பார். ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து அதைப் பார்க்கிறவருக்கு விழா கிடையாது. இந்த ஏற்பாடு மாறாத வரை புதுப் பெயர்கள் வந்துகொண்டேதான் இருக்கும். அதற்காக உங்கள் மேலாளரைக் கெட்டவர் என்று நினைக்க வேண்டியதில்லை. அவருக்கும் மேலே ஒருவர் "நம்மிடம் ஏஐ திட்டம் என்ன" என்று கேட்டிருப்பார்.

மென்பொருள் செய்கிற முறை ஒன்றை எஜைல் என்கிறார்களே, அதன் அடிப்படை 2001 பிப்ரவரியில் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் 17 பேர் கூடி எழுதிய சின்ன அறிக்கை. நடைமுறைகளையும் கருவிகளையும் விட மனிதர்களும் அவர்களுக்குள் நடக்கும் பேச்சும் முக்கியம் என்பதுதான் அதன் முதல் கொள்கை. நான் வேலை பார்த்த ஓர் அலுவலகத்தில் அதன் பெயரால் தினமும் நின்றுகொண்டே ஒரு மணி நேரக் கூட்டம் நடந்தது. வேலையைப் புள்ளி போட்டு எண்ணினார்கள். புள்ளி ஏறியது, வாடிக்கையாளர் புகார் குறையவே இல்லை. நல்ல யோசனையும் இப்படித்தான் சடங்காகிப் போகிறது. அங்கே உங்களால் செய்ய முடிந்தது, அந்த 17 பேர் எழுதியதைப் படித்து, அதில் உள்ளதை உங்கள் நாலு பேர் குழுவுக்குள் மட்டுமாவது செய்து பார்ப்பது.

மாற்றம் வருவதற்கு முந்தைய அளவுகளைக் குறித்து வையுங்கள். பக்கம் திறக்க எத்தனை விநாடி, மாதச் செலவு எவ்வளவு, எத்தனை முறை நின்றது. பிறகு எதிர்த்துக் கத்த வேண்டிய அவசியம் வராது. ஆறு மாதம் கழித்து அதே அளவுகளை எடுத்து மெயிலில் வையுங்கள். மைக்ரோசர்வீஸ், சர்வர்லெஸ் என்று எல்லாரும் ஒரே புரோகிராமைத் துண்டு துண்டாகப் பிரித்துக்கொண்டிருந்த காலத்தில், 2023-ல் அமேசான் பிரைம் வீடியோவின் ஒரு குழு, தங்கள் வீடியோ தரக் கண்காணிப்புச் சேவையைத் திரும்ப ஒரே புரோகிராமாகச் சேர்த்ததில் செலவு 90 சதவீதத்துக்கு மேல் குறைந்தது என்று வெளிப்படையாக எழுதியது. அந்த கிளவுட் சேவைகளை விற்பதே அமேசான்தான். அளந்து பார்த்ததால்தான் அவர்களால் சொல்ல முடிந்தது.

படிப்பதற்கு நேரம் ஒதுக்கும்போது அடித்தளத்துக்குக் கூடுதலாக ஒதுக்குங்கள். அட்டவணைகளாகத் தரவை வைக்கும் முறையை காட் என்பவர் 1970-ல் எழுதினார். அப்படி வைத்த தரவைக் கேட்டு எடுக்கும் எஸ்கியூஎல் மொழி அதிலிருந்து வந்தது. அதைக் கொன்றுவிடும் என்று சொல்லி எத்தனையோ வந்தன, இன்றும் உங்கள் வங்கிக் கணக்கு அதில்தான் இருக்கிறது. லினக்ஸ், நெட்வொர்க், லாக் படிப்பது, பேக்கப்பைத் திருப்பிப் போட்டுப் பார்ப்பது இவையெல்லாம் அந்த ரகம். நம் ஊர்ப் பழைய கடைகளில் பெட்டியடிப் பையனாகச் சேர்ந்து, கணக்கு எழுதிப் பழகி, அடுத்தாளாகி, பிறகுதான் மேலாளாக முடியும். அடியிலிருந்து தெரிந்தவரை எந்தப் புதுப் பெயராலும் வெளியே தள்ள முடியாது. புதிய கருவி வந்தால் ஒரு வார இறுதியில் அதைக் கற்றுக்கொண்டுவிடுவார்.

பொங்கலுக்கு ஊருக்கு வரும்போது ஒரு வேலை செய்யுங்கள். அப்பச்சியின் கடையில் கம்ப்யூட்டர் இருந்தால், பேக்கப் எங்கே போகிறது என்று கேளுங்கள். ஒரு பென் டிரைவில் அதை எடுத்து, உங்கள் லேப்டாப்பில் திருப்பிப் போட்டு, போன மாத ஐந்தொகை வருகிறதா என்று பாருங்கள். டொமைனும் வாட்ஸாப் நம்பரும் யார் பெயரில் இருக்கிறது என்று கேளுங்கள். பாஸ்வேர்டுகளை ஒரு நோட்டில் எழுதி, பீரோவில் பத்திரங்களோடு வைத்துவிட்டு, எங்கே இருக்கிறது என்று ஆத்தாவிடமும் சொல்லிவிட்டுப் போங்கள்.